ஏட்டிலிருந்து நாவுக்கு வந்த மொழி

இத்தாலி ஒரே நாடாக இணைந்த 1861ஆம் ஆண்டில், அந்நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு இத்தாலிய மொழி பேசத் தெரியாது என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். 'இது எப்படி?' என்று கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பதுவாவில் படித்து, இத்தாலியனிலிருந்து மொழிபெயர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவள் நான். கரும்பு தின்னக் கூலியா? இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: லத்தீன் எப்போது இத்தாலியன் ஆயிற்று? ஒரு தேதி சொல்ல முடியுமா? (கல்லூரி மாணவி ஒருவர்)

மாறிய தேதியை யாராலும் சொல்ல முடியாது. 'மாறிவிட்டது' என்று எழுத்தில் பதிவான தேதியைச் சொல்லலாம்: 960 மார்ச். இடம், நாப்போலிக்கு (நேபிள்ஸ்) வடக்கே உள்ள காப்புவா. விஷயம், ஒரு நிலத் தகராறு.

புனித பெனடிக்ட் நிறுவிய மொந்தே கஸ்ஸினோ மடத்தின் வசம் இருந்த சில நிலங்கள் தன் குடும்பச் சொத்து என்று ரொதெல்கிரிமோ என்பவர் வழக்குத் தொடுத்தார். முப்பது ஆண்டு அனுபவ பாத்தியதை தங்களுக்கு உண்டு என்றது மடம். நீதிபதி அரெகிஸி மூன்று சாட்சிகளைத் தனித்தனியே அழைத்து விசாரித்தார். எல்லைகளைக் குறித்திருந்த ஏட்டைக் கையில் பிடித்து, மறு கையால் அதைத் தொட்டு, மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: 'ஸாவோ கோ கெல்லே தெர்ரே, பெர் கெல்லே ஃபீனி கே கி கொந்தேனே, த்ரெந்தா அன்னி லே பொஸ்ஸெத்தே பார்த்தே ஸாங்க்தி பெனெதிக்தி.' இதில் கண்ட எல்லைகளுக்கு உட்பட்ட அந்த நிலங்களைப் புனித பெனடிக்ட் மடத்தார் முப்பது ஆண்டுகள் அனுபவித்துவந்தார்கள் என்பதை நான் அறிவேன்.

தீர்ப்பு முழுவதும் லத்தீனில் இருக்கிறது. சாட்சிகளின் வாய்மொழி மட்டும் அந்த வட்டாரத்துப் பேச்சில் இருக்கிறது. எழுத்தர் நினைத்திருந்தால் அதையும் லத்தீனாக்கி எழுதியிருக்கலாம். கேட்டு நின்றவர்களுக்கெல்லாம் புரிய வேண்டும் என்ற அக்கறைதான் அதைத் தடுத்திருக்கிறது. கடைசி இரண்டு சொற்களைப் பாருங்கள்: மடத்தின் பெயர் மட்டும் லத்தீன் வேற்றுமை உருபோடு அப்படியே நிற்கிறது. எனக்கு இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும். அரசனும் கவிஞனும் பேசாத இடத்தில், ஒரு வழக்கின் சாட்சி அந்த மொழியை முதன்முதலாக ஆவணத்தில் ஏற்றியிருக்கிறான்.

இதற்கு முந்தைய தடயங்களும் உண்டு. வெரோனாவில் ஒரு பழைய பிரார்த்தனைச் சுவடியின் ஓரத்தில், வெள்ளை வயலில் கறுப்பு விதை விதைப்பதாக ஒரு விடுகதை கிறுக்கப்பட்டிருக்கிறது. விடை, எழுதும் கை. ஆனால் அது லத்தீனா, மக்கள் மொழியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். காப்புவா வரியில் அந்தச் சந்தேகமே இல்லை. எழுதியவருக்கே இரண்டும் வேறு மொழிகள் என்று தெரிந்திருக்கிறது.

மாற்றம் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரவுக்கு லத்தீனில் 'நொக்தெம்', பாலுக்கு 'லக்தெம்', எட்டுக்கு 'ஒக்தோ'. இவை நொத்தே, லாத்தே, ஒத்தோ என்று ஆயின. 'க்த' வந்த இடமெல்லாம் 'த்த' ஆனது. சொல்லின் கடைசியில் இருந்த வேற்றுமை உருபுகள் உதிர்ந்தன.

கேள்வி: தாந்தேதான் இத்தாலிய மொழியை உருவாக்கினார் என்று பள்ளியில் படித்தோம். சரியா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

தனி ஒருவர் மொழியை உருவாக்குவதில்லை, ஐயா. தாந்தேக்கு முன்பே இலக்கியம் இருந்தது. அசிசியின் பிரான்சிஸ் 1224 வாக்கில் உம்ப்ரியா வட்டாரப் பேச்சில் சூரியனையும் நிலவையும் உடன்பிறப்புகளாக அழைத்துப் பாடினார். சிசிலியில் இரண்டாம் ஃபிரெடரிக் மன்னரின் அவையில் இருந்தவர்கள் காதல் கவிதை எழுதினார்கள். அவர்களில் ஒருவரான ஜாகொமோ தா லெந்தீனி, அலுவலில் ஒரு பத்திர எழுத்தர். சானெட் என்ற பதினான்கு வரிப் பாவடிவத்தைக் கண்டவர் அவரே என்பார்கள். அந்தச் சிசிலியக் கவிதைகளை, ஃபுளோரன்ஸ் நகரம் இருக்கும் டஸ்கனி வட்டாரத்து எழுத்தர்கள் படியெடுத்தபோது, ஒலிகளைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். மூல வடிவங்கள் பெரும்பாலும் அழிந்தன. தாந்தே படித்ததே அந்த மாற்றுருவைத்தான்.

அவர் செய்தது என்ன? 1302இல் ஃபுளோரன்ஸ் அவரை நாடு கடத்தியது. ஊர் ஊராக அலைந்த அந்த ஆண்டுகளில், மக்கள் மொழியின் பெருமையைப் பேசும் நூல் ஒன்றைத் தொடங்கினார். படித்தவர்களை நம்பவைக்க வேண்டுமே, அதனால் அதை லத்தீனில் எழுதினார். இத்தாலியின் பேச்சுகளைப் பதினான்காகப் பிரித்து ஒவ்வொன்றாக எடைபோட்டார். ரோமாபுரிப் பேச்சைத்தான் எல்லாவற்றிலும் அருவருப்பானது என்றார். தம் சொந்த ஊர்ப் பேச்சையும் தள்ளினார். தாம் தேடும் உயர்ந்த மொழி, எல்லா ஊரிலும் மணம் வீசுகிறது, எந்த ஊரிலும் கண்ணில் படவில்லை என்று எழுதி, நூலைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

பிறகு தம் காவியமான 'தெய்விக நாடக'த்தை எழுத உட்கார்ந்தபோது, தள்ளிய அந்த ஃபுளோரன்ஸ் பேச்சையே எடுத்துக்கொண்டார். லத்தீன் சொல், லொம்பார்டிச் சொல், தாமே ஆக்கிய சொல் என்று எல்லாவற்றையும் அதில் சேர்த்துப் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளைக் கட்டினார். நரகத்தின் சேற்றையும் சொர்க்கத்தின் ஒளியையும் ஒரே மொழியில் சொல்ல முடியும் என்று காட்டியதுதான் அவர் தந்த கொடை. இன்று இத்தாலியர்கள் அன்றாடம் புழங்கும் அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதி அந்நூலில் ஏற்கெனவே இருக்கிறது. எழுநூறு ஆண்டு பழைய நூலை ஒரு பள்ளி மாணவன் அடிக்குறிப்பின் துணையோடு படித்துவிட முடிவது சாதாரண விஷயம் இல்லை.

கேள்வி: தலைநகரம் ரோம். செல்வமும் அச்சகங்களும் வெனிஸில். பிறகு ஏன் ஃபுளோரன்ஸ் பேச்சு பொதுமொழி ஆனது? (வங்கி ஊழியர் ஒருவர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ரோம் தலைநகரமானது 1871இல்தான். அதற்கு முன் அது போப்பாண்டவரின் நகரம். அங்கே அதிகாரம் செலுத்தியது லத்தீன். ரோமின் பழைய பேச்சு நாப்போலிப் பக்கம் சாய்ந்தது. 1513இலும் 1523இலும் ஃபுளோரன்ஸின் மெதிச்சி குடும்பத்துப் போப்புகள் பதவிக்கு வந்தார்கள். அவர்களோடு ஃபுளோரன்ஸ்காரர்கள் வந்து குடியேறினார்கள். 1527இல் படைகள் நகரைச் சூறையாடின, ஊரே காலியானது, வெளியூர் மக்கள் வந்து நிரம்பினார்கள். இவற்றுக்குப் பிறகுதான் ரோமின் பேச்சு டஸ்கனி சாயலுக்கு மாறியது.

ஃபுளோரன்ஸுக்கு மூன்று எழுத்தாளர்கள் இருந்தார்கள்: தாந்தே, பெட்ரார்க், பொக்காச்சியோ. வணிகர்கள் படித்தவர்களாக இருந்த ஊர். அவர்கள் கணக்கு எழுதியதும் கடிதம் எழுதியதும் மக்கள் மொழியில். ஆனால் அந்த மொழிக்கு முடிசூட்டியவர் ஒரு வெனிஸ்காரர், பியெத்ரோ பெம்போ. 1501இல் வெனிஸ் அச்சகர் அல்தோ மனூட்ஸியோவுக்காகப் பெட்ரார்க்கின் கவிதைகளைச் செப்பம் செய்து கொடுத்தார். கையடக்கப் புத்தகமாக அது வந்தது. அடுத்த ஆண்டு தாந்தே. 1525இல் மக்கள் மொழி பற்றிய தம் உரையாடல் நூலை வெளியிட்டார். வாதம் எளிமையானது: சிசெரோவையும் விர்ஜிலையும் பார்த்து லத்தீன் எழுதுகிறோம் அல்லவா? அதுபோல, கவிதைக்குப் பெட்ரார்க், உரைநடைக்குப் பொக்காச்சியோ. தாந்தேயை அவர் இரண்டாம் வரிசையில் வைத்தார். தெருச் சொற்களைக் கலந்துவிட்டாராம்! இந்த ஒரு இடத்தில் பெம்போ மீது எனக்குத் தீராத வருத்தம்.

அந்த நூலில் ஒரு வரி உண்டு: இந்தக் காலத்தில் ஃபுளோரன்ஸில் பிறந்திருப்பது, நல்ல ஃபுளோரன்ஸ் நடை எழுதப் பெரிய அனுகூலம் அல்ல. எவ்வளவு துணிச்சலான பேச்சு! உள்ளூர்க்காரன் தெருவில் கேட்டதை எழுதுவான். வெளியூர்க்காரன் இருநூறு ஆண்டு பழைய நல்ல நூல்களைக் கற்று எழுதுவான் என்பது அதன் பொருள். எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. மக்கியவெல்லி உயிருள்ள ஃபுளோரன்ஸ் பேச்சுக்காக வாதாடினார். எல்லா அரசவைகளிலும் கலந்து பேசப்படும் மொழியே நல்ல மொழி என்றார் கஸ்திலியோனே. ஆனால் அச்சகங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே விதி. வெனிஸில் அடித்த புத்தகம் நாப்போலியிலும் விற்க வேண்டும். அதற்கு ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். பெம்போவின் விதி கையில் தயாராக இருந்தது.

அரியோஸ்தோ என்ற பெருங்கவிஞர் ஃபெர்ராராவைச் சேர்ந்தவர். 1516இல் 'ஓர்லாந்தோ ஃபுரியோஸோ'வை வெளியிட்டுப் புகழ் பெற்றார். பெம்போவைப் படித்த பிறகு தம் காவியத்தை மறுபடி எடுத்து வரிவரியாகத் திருத்தினார். தம் வட்டாரச் சாயலில் 'எல்' என்று எழுதிய, ஆங்கில 'தி' (the) போன்ற சார்புச்சொல்லைக்கூட விடாமல் 'இல்' என்று மாற்றி, 1532இல் மறுபதிப்புக் கொண்டுவந்தார். எந்த அரசும் ஆணையிடவில்லை, பள்ளிக்கூடம் மதிப்பெண் போடவில்லை. புகழின் உச்சியில் இருந்த கவிஞர் தானாகவே மாணவர் ஆனார். இத்தாலியன் பொதுமொழியான விதம் இதுதான்: எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராக மனமொத்து ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: க்ருஸ்கா அகாதெமி என்றால் என்ன? (வாசகி ஒருவர்)

1583இல் ஃபுளோரன்ஸில் தொடங்கிய அறிஞர் கழகம். பெயருக்கு 'தவிடு' என்று பொருள். மாவையும் தவிட்டையும் பிரிப்பதுதான் வேலை என்று அவர்களே வைத்துக்கொண்ட பெயர். சின்னம், மாவு சலிக்கும் இயந்திரம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓவியமும் புனைபெயரும் தீட்டிய மரத் துடுப்பு ஒன்று உண்டு. ஃபுளோரன்ஸை ஒட்டிய கஸ்தெல்லோ மாளிகையில் அவை இன்றும் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. அவர்களது அகராதி 1612இல் வெனிஸில் அச்சானது. பிரெஞ்சு அகாதெமியின் அகராதி 1694இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பதினான்காம் நூற்றாண்டுச் சொல்லுக்கே முதல் மரியாதை. தாஸோ போன்ற மாபெரும் கவிஞருக்கு மூன்றாம் பதிப்பில், 1691இல்தான் இடம் கிடைத்தது. எரிச்சலடைந்த மிலான் இளைஞர்கள் 1764இல் தங்கள் பத்திரிகையில் ஒரு 'பத்திரம்' வெளியிட்டார்கள்: நோட்டரி முன்னிலையில் க்ருஸ்கா அகராதியைத் துறக்கிறோம் என்று! எழுதியவர் அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி. நியாயமான கோபம். ஐந்தாம் பதிப்பு 1923இல் 'ஓ' எழுத்தோடு நின்றுபோனது.

கேள்வி: அப்படியானால் 1861இல் எத்தனை பேர் பேசினார்கள்? பிறகு எப்படி எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்? (பலர்)

மொழியறிஞர் தூல்லியோ தெ மவ்ரோவின் கணக்கு 2.5 சதவீதம். அர்ரிகோ கஸ்தெல்லானி பின்னர் ஏறத்தாழ 10 சதவீதம் என்றார். டஸ்கனிக்காரர்களுக்கும் நடு இத்தாலியின் சில பகுதியினருக்கும் அது பிறப்பிலேயே கைவந்தது என்பது அவர் வாதம். எந்தக் கணக்கை எடுத்தாலும், பத்தில் ஒன்பது பேர் வெளியே. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நான்கில் மூன்று பேர். முதல் மன்னர் வித்தோரியோ எம்மானுவேலே வீட்டில் பேசியது வடமேற்கு வட்டாரத்துப் பியெமொந்தே மொழி. பிரதமர் காவூருக்குப் பிரெஞ்சில்தான் சரளம்.

இந்தத் தவிப்பைத் தம் கதையாக அனுபவித்தவர் அலெஸ்ஸாந்த்ரோ மான்ஸோனி. மிலானில் பிறந்தவர், பேசியது மிலான் மொழி, கடிதம் எழுதியது பிரெஞ்சில். நாவல் எழுத வேண்டும். எந்த மொழியில்? புத்தக இத்தாலியன் கல்யாண வீட்டுப் பேச்சுக்கும் சந்தைப் பேச்சுக்கும் ஒத்துவரவில்லை. 'மணநிச்சயம் ஆனவர்கள்' என்ற அந்த நாவல் 1827இல் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. அவருக்கோ நிறைவில்லை. அதே ஆண்டு குடும்பத்தோடு ஃபுளோரன்ஸ் போனார். அலச வேண்டிய துணி எழுபத்தொன்று இருக்கிறது, தண்ணீராக ஆர்னோ ஆறு இருக்கிறது என்று அங்கிருந்து நண்பருக்கு எழுதினார். எழுபத்தொன்று என்றது நாவலின் அச்சுத் தாள்களை.

படித்த ஃபுளோரன்ஸ்காரர் வாய்ப்பேச்சை அளவுகோலாக வைத்து முழு நாவலையும் மாற்றினார். 'அவன்' என்பதற்கு எழுவாயாக இலக்கணம் விதித்த 'எல்யி' வந்த பல இடங்களில் மக்கள் சொல்லும் 'லூயி' வந்தது. 'எனக்கு இருந்தது' என்பதற்கு 'அவேவா' என்று எழுதுவதே அதுவரை மரபு. அவர் 'அவேவோ' என்று எழுதினார். இன்று எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாகத் திருத்திய பதிப்பு வந்தது. திருத்தத்தில் உதவியவர்களில் எமிலியா லூதி என்ற ஃபுளோரன்ஸ் பெண்ணும் உண்டு. அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தவர். ஆர்னோவில் நீங்கள் அலசித் தந்த கந்தல்கள் இவை என்று எழுதி, அவருக்கு ஒரு பிரதி கொடுத்தார் மான்ஸோனி. இலக்கிய வரலாறுகளில் லூதிக்கு அரை வரிகூடக் கிடைப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

1868இல் கல்வி அமைச்சர் கேட்டபோது, டஸ்கனி ஆசிரியர்களை நாடெங்கும் அனுப்புங்கள், ஃபுளோரன்ஸ் பேச்சுக்கு அகராதி போடுங்கள் என்று மான்ஸோனி அறிக்கை கொடுத்தார். அகராதியும் 1870இல் வரத் தொடங்கியது. தலைப்பிலேயே 'புதிய' என்பதற்கு ஃபுளோரன்ஸ் பாணியில் 'நோவோ'. கொரித்ஸியாவில் பிறந்த மொழியறிஞர் அஸ்கோலி 1873இல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறுப்பைத் தொடங்கினார். நாடு முழுவதும் 'நுவோவோ' என்று எழுதும்போது ஒரு நகரத்தின் வழக்கை ஏன் திணிக்க வேண்டும்? ஜெர்மனியைப் பாருங்கள், தலைநகர் ஒன்றின் பேச்சு இல்லாமலே பொதுமொழி வளர்ந்தது, கல்வியும் அறிவுழைப்பும் பரவியதால். நாவலாசிரியராக மான்ஸோனியை வணங்குகிறேன். வாதத்தில் நான் அஸ்கோலி பக்கம். இன்றும் இத்தாலியர்கள் 'நுவோவோ' என்றுதான் எழுதுகிறார்கள்.

பிறகு நடந்ததை நூல்கள் நடத்தவில்லை. 1877இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம். படைச்சேவை. முதல் உலகப் போரில் சிசிலிக்காரனும் பியெமொந்தேக்காரனும் ஒரே பதுங்குகுழியில். தெற்கிலிருந்து துரினுக்கும் மிலானுக்கும் வேலை தேடிப் போன குடும்பங்கள். 1954 ஜனவரி 3 அன்று தொலைக்காட்சி. அதில் 1960 முதல் 1968 வரை, 'காலம் கடந்துவிடவில்லை' என்ற பொருள்படும் தலைப்பில் அல்பெர்தோ மான்ஸி என்ற பள்ளி ஆசிரியர், எழுத்தறியாத பெரியவர்களுக்குப் பாடம் நடத்தினார். பெரிய தாளில் கரிக்கோலால் படம் வரைவார். பார்க்கிறவர்கள் என்னவென்று யோசிக்கும்போதே அது ஓர் எழுத்தாகவோ சொல்லாகவோ மாறும். அந்த நிகழ்ச்சியைப் பார்த்துப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் தொடக்கப் பள்ளிச் சான்றிதழ் பெற்றதாக மதிப்பிடுகிறார்கள். பெம்போவுக்கு வைத்த சிலையைப் போல் ஒன்று இவருக்கும் வைக்கத் தகும்.

கேள்வி: நாப்போலி, வெனிஸ் பேச்சுகள் கொச்சை இத்தாலியன்தானே? (பயண வழிகாட்டி ஒருவர்)

இல்லவே இல்லை. தயவுசெய்து உங்களோடு வரும் பயணிகளிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். அவை இத்தாலியனின் சிதைவுகள் அல்ல, லத்தீனின் மகள்கள், இத்தாலியனுக்கு உடன்பிறந்தவை. மழை பெய்வதற்கு இத்தாலியனில் 'பியோவெரே', நாப்போலியில் 'கியோவெரெ'. லத்தீனின் 'ப்ல' ஒலி ஒரு வீட்டில் 'பிய' ஆனது, மறு வீட்டில் 'கிய' ஆனது. ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை. நாப்போலி மொழியில் 1634 முதல் வெளியான பஸீலேயின் கதைத் தொகுப்பில்தான் சிண்ட்ரெல்லா கதையின் மிகப் பழைய ஐரோப்பிய வடிவங்களில் ஒன்று இருக்கிறது.

பதுவாவில் நான் குடியிருந்த வீட்டு அம்மாள் தம் தங்கையோடு வெனிஸ் வட்டாரத்து வெனெத்தோ மொழியில் பேசுவார். என் பக்கம் திரும்பியதும் இத்தாலியனுக்கு மாறுவார். 'நீ சாப்பிடுகிறாய்' என்பதற்கு இத்தாலியனில் 'மாஞ்ஜி' என்ற ஒரு வினை போதும். அவர் 'தீ தே மாஞ்ஞி' என்பார். நடுவில் வரும் அந்தத் 'தே' இத்தாலியனில் இல்லாத இலக்கணம். அதைக் குறித்துவைக்க நான் நோட்டை எடுத்தால், 'இதெல்லாம் பிழையான பேச்சு, இதைப் போய் எழுதாதே' என்று தடுப்பார். பள்ளியில் அதைப் பேசியதற்காகத் தண்டனை வாங்கியவர். பொதுமொழி ஒரு நாட்டுக்கு வேண்டும். அதற்காக ஒரு கிழவி தன் தாய்மொழிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் 482ஆம் எண் சட்டம் இத்தாலியனை ஆட்சிமொழி என்று அறிவித்தது. பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பும் தந்தது. சார்டீனிய மொழியும் ஃபிரியூலி மொழியும் அதில் உண்டு. நாப்போலி மொழியும் வெனெத்தோ மொழியும் இல்லை.

கேள்வி: முசோலினி மொழியில் கை வைத்தாரா? (மாணவர் ஒருவர்)

வைத்தார். மரியாதையாக 'நீங்கள்' என்பதற்குச் சொல்லும் 'லேயி'யை 1938இல் தடுத்து, அதற்குப் பதில் 'வோயி' சொல்ல வைத்தார்கள். 'லேயி' என்ற பெயரில் வந்த பெண்கள் பத்திரிகைகூடப் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே அந்தச் சொல்லுக்கு 'அவள்' என்றுதான் பொருள்! பெயர்ப்பலகைகளில் அயல்மொழிச் சொற்களுக்குத் தடை வந்தது. ஆட்சி விழுந்ததும் 'லேயி' திரும்பி வந்துவிட்டது.

கேள்வி: இத்தாலியன் கற்கிறேன். எந்த ஊர் உச்சரிப்பைப் பின்பற்றுவது? மூலத்தில் எதை முதலில் படிக்கலாம்? (வாசகி ஒருவர்)

ஃபுளோரன்ஸ் உச்சரிப்பை அப்படியே பிடிக்க வேண்டாம். அங்கே இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் 'க' தேய்ந்து 'ஹ' ஆகிவிடும். 'லா காஸா' என்ற வீடு 'லா ஹாஸா' என்று கேட்கும். பொது உச்சரிப்பு அதை ஏற்கவில்லை. செய்தி வாசிப்பவர்களையும், அயல்நாட்டுப் படங்களுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்களையும் கேளுங்கள். இரட்டை மெய்யைக் கவனியுங்கள். 'பேனா' என்றால் வருத்தம், 'பென்னா' என்றால் எழுதுகோல்.

படிக்க, கொல்லோதியின் 'பினோக்கியோ'வில் தொடங்குங்கள். ஃபுளோரன்ஸ்காரர் எழுதியது, 1881இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது, வாக்கியங்கள் சின்னவை. அடுத்து மான்ஸோனியின் 1840 பதிப்பு, முதல் அத்தியாயத்தின் ஏரி வருணனை கடினமாக இருந்தால் தாண்டிப் பாதிரியார் வரும் இடத்திலிருந்து படியுங்கள். தாந்தேக்கு இரண்டு ஆண்டுகள் பொறுங்கள். பள்ளிப் பதிப்பாக, பக்கத்தில் பாதி அடிக்குறிப்பாக இருப்பதை வாங்குங்கள்.